சாவி யார் கையில்?

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் நண்பர் என்னைப் போனில் கூப்பிட்டு, "இந்த வருஷம் நீ பேசணும்டா. தலைப்பு பாதுகாப்பான மின்னஞ்சல். பசங்களுக்குப் பயன்படற மாதிரி இருக்கட்டும்" என்றார். "நான் பி.காம். படிச்சவன்ப்பா, கம்ப்யூட்டர் படிச்சவங்க நம்ம செட்லயே பத்துப் பேர் இருக்காங்களே" என்றேன். "அவங்க படிச்சவங்க, நீ அடிபட்டவன். நீயே பேசு" என்று சொல்லி வைத்துவிட்டார். அடிபட்டது உண்மைதான். ஆகவே ஒரு நிபுணனாக அல்ல, அடிபட்டவனாகவே உங்கள் முன்னால் நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன்.

எங்கள் காலத்தில் விடுதி வாசலில் ஒரு தபால் பலகை இருந்தது. அதிலே அவரவர் பெயரின் முதலெழுத்துக்கு ஒரு அறை. என் தந்தையார் சிக்கனக்காரர், எப்போதும் போஸ்ட்கார்டில்தான் எழுதுவார். "வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. பணம் அடுத்த வாரம் அனுப்புகிறேன். இந்த முறையாவது கணக்கில் தேறு" என்று எழுதியிருப்பார். அது என் கைக்கு வருவதற்குள் மூன்று மாடிக்கும் சேதி போய்விடும். நான் மாடிப்படி ஏறினால் ஆளுக்கு ஆள் குட்டி நலமா என்று கேட்பார்கள். பிறகு நான் கெஞ்சிக் கேட்டதன் பேரில் இன்லேண்டு லெட்டருக்கு மாறினார். கோந்து தடவி ஒட்டிய அந்த நீலக் காகிதம் எனக்குக் கொடுத்த நிம்மதியை இன்றைக்கும் மறக்கவில்லை. அந்தரங்கம் என்பது பெரிய சட்டச் சொல் மட்டுமல்ல, கணக்கில் தோற்ற விஷயம் நமக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிவதுதான் அந்தரங்கம் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

மின்னஞ்சல் பிறந்தது போஸ்ட்கார்டாகத்தான். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்டு 15இல் திறந்துவிட்டது. மறு ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, நம் நாட்டில் பிறந்து வளர்ந்த சபீர் பாட்டியாவும் அவருடைய அமெரிக்க நண்பர் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். 2004 ஏப்ரல் முதல் தேதி ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 எம்.பி. இடம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஜிமெயில் 1 ஜி.பி. கொடுத்தது. இலவசமாக இவ்வளவு இடமா என்று நாம் வாயைப் பிளந்தோம். அதற்கு விலையாக, கடிதத்தில் உள்ள சொற்களைக் கம்ப்யூட்டர் பார்த்து அதற்கேற்ற விளம்பரத்தை ஓரத்தில் காட்டியது. இனி அப்படி விளம்பரத்துக்காகக் கடிதத்தைப் பார்க்க மாட்டோம் என்று கூகுள் அறிவித்தது 2017இல்தான்.

இன்றைக்குப் பெரிய சேவைகள் எல்லாவற்றிலும் கடிதம் வழியில் பூட்டப்பட்டுத்தான் போகிறது. தபால் பையைக் கட்டி அரக்கு முத்திரை வைத்து ரயிலில் ஏற்றுவார்களே, அதைப் போல. வழியில் எவனும் பிரிக்க முடியாது. ஆனால் பை தபாலாபீசுக்கு வந்ததும் முத்திரையை உடைத்துத்தானே பிரிப்பார்கள்? அங்கே கடிதத்தைப் படிக்கக்கூடிய சாவி அந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. படிக்க முடியும் என்பதுதான் செய்தி. நிறுவனம் கெட்ட எண்ணம் கொண்டாலோ, அங்கே திருடன் புகுந்தாலோ, அரசாங்கம் உத்தரவு போட்டாலோ கடிதம் திறக்கும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்பது. அனுப்புகிறவருடைய கருவியிலேயே கடிதம் பூட்டப்படும், பெறுகிறவருடைய கருவியில்தான் திறக்கும், நடுவில் உள்ள தபால்காரருக்குச் சாவியே கிடையாது. பில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர் 1991இலேயே இதற்கு பி.ஜி.பி. என்ற மென்பொருளைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். அப்படியென்றால் உலகமே அன்றைக்கே அதற்கு மாறியிருக்க வேண்டுமே, ஏன் மாறவில்லை? 1999இல் ஆல்மா விட்டன், டைகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 12 பேரை உட்கார வைத்து, ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்து, அந்த மென்பொருளில் ஒரு ரகசியக் கடிதத்தைக் கையொப்பமிட்டுப் பூட்டி அனுப்பச் சொன்னார்கள். 4 பேர்தான் சரியாகச் செய்தார்கள். 3 பேர் ரகசியத்தைப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் யாரும் படிக்காதவர்கள் அல்லர். பூட்டில் குறை இல்லை, பூட்டத் தெரியவில்லை.

அந்தச் சிரமத்தைப் போக்கத்தான் புதிய சேவைகள் வந்தன. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் சந்தித்த இளம் விஞ்ஞானிகள் 2014இல் புரோட்டான்மெயிலைத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் டூட்டநோட்டா வந்தது, இப்போது அதற்கு டூட்டா என்று பெயர். பார்த்தால் சாதாரண மின்னஞ்சல் போலவே இருக்கும், பூட்டுவதும் திறப்பதும் உள்ளே தானாக நடந்துவிடும். ஆக, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் ஊர் கூனிமேடு என்பது என் வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள ஊர். பஸ்ஸில் போகிறவர்கள் மரக்காணத்துப் பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பாத்திகளைப் பார்த்து, "அடடா, என்ன அழகு" என்று போட்டோ எடுப்பார்கள். அந்தப் பாத்தியில் விடியற்காலையில் இறங்கி உப்பு வாருகிறவர்களுக்கு அது அழகாகத் தெரியாது. கண் கூசும், காலில் வெடிப்பு வரும், மழைக்காலம் வந்தால் வேலையே இருக்காது. பணி ஓய்வு பெற்று ஊரோடு வந்த பிறகு, அப்படி வேலை செய்கிற 38 பேர் சேர்ந்து வைத்திருந்த ஒரு சிறு குழுவின் எழுத்து வேலை என் தலையில் வந்து விழுந்தது. அதில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். நிவாரணத்துக்கு விண்ணப்பம், நலவாரியத்துக்கு மனு, வங்கிக்குக் கடிதம் என்று எதற்கெடுத்தாலும் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரு சாதாரண இலவச மின்னஞ்சல் கணக்கில் போட்டு வைத்திருந்தேன். வேண்டும்போது நெட் சென்டருக்குப் போய் பிரிண்ட் எடுத்துக்கொள்வேன்.

ஒரு சமயம் கூலி பாக்கி பற்றி ஒரு மனு தயார் செய்தோம். அதில் 11 பேருடைய பெயர். அனுப்புவதற்கு முன்னால் எல்லாருக்கும் படித்துக் காட்டலாமென்று பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். மனு உரிய அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே அதன் நகல் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்தவர் கைக்குப் போய்விட்டது. மறுநாள் இரண்டு பெண்களை, "நாளையிலேருந்து நீங்க வரவேணாம்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒருவர் சில மாதம் கழித்து, பேச்சுவார்த்தைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினார். இன்னொருவர் திரும்பவே இல்லை. இன்றைக்கும் அவர் என்னைப் பார்த்தால் வணக்கம் வைக்கிறார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

அந்தக் கோபத்திலும் குற்ற உணர்ச்சியிலும், இருப்பதிலேயே பெரிய பூட்டு எது என்று விசாரித்தேன். மறைகுறியாக்கம் செய்யும் வெளிநாட்டுச் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கினேன். 38 பேருடைய எல்லாத் தாள்களையும் அதற்கு மாற்றி, பழைய கணக்கைத் துடைத்துவிட்டேன். என் பேரன் இருபத்தைந்து எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தான். அது என் போனில்தான் பதிந்திருந்தது, என் மூளையில் அல்ல. பாஸ்வேர்டு தொலைந்தால் மீட்பதற்கென்று அந்தச் சேவை 12 ஆங்கிலச் சொற்களைக் கொடுத்தது. அதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஜெல் பேனாவால் அழகாக எழுதி வைத்தேன்.

தொல்லை அடுத்த வாரமே தொடங்கியது. ஒரு அலுவலகத்துக்குப் பூட்டிய கடிதமாக அனுப்பினேன். அதே சேவையில் கணக்கு இல்லாதவருக்குக் கடிதம் நேராகப் போகாது, ஒரு லிங்க் போகும், அதைத் திறந்து தனியாக ஒரு பாஸ்வேர்டு போட வேண்டும். அங்கிருந்து எழுத்தர் போன் செய்தார். "சார், ஏதோ லிங்க் வந்திருக்கு, வைரஸ்னு நினைச்சு டெலிட் பண்ணிட்டேன். சாதாரணமா அனுப்புங்களேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. தெரியாத லிங்கைத் தொடாதே என்றுதானே எல்லாரும் பயிற்சி கொடுக்கிறார்கள்? சாதாரணமாக அனுப்பினேன். அனுப்பிய அந்த நிமிஷமே என்னுடைய பெரிய பூட்டுக்கு அர்த்தம் போய்விட்டது. கடிதத்தின் ஒரு பிரதி என் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது, இன்னொரு பிரதி அவருடைய பெட்டியில் திறந்து கிடக்கிறது.

பிறகு 2024 நவம்பர் 30ஆம் தேதி வந்தது. அன்றிரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் கடற்கரையில் இருந்தவர்களுக்கு அந்த மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பளமெல்லாம் ஏரியாகிவிட்டது. என் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. சாமான்களைப் பரண்மேல் ஏற்றும்போது சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீரில் விழுந்து போனது. நோட்டுகள் இருந்த டிரங்குப் பெட்டி இரவு முழுவதும் நீரில் கிடந்தது. இரண்டு நாள் கழித்து அந்தக் கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால், 12 சொல்லில் 7 தெரிகிறது. மீதி ஐந்தும் நீல மையாக வழிந்து போயிருந்தது.

புதிய போன் வாங்கி, புது பாஸ்வேர்டு போட்டுக் கணக்குக்குள் போய்விட்டேன். ஆனால் பழைய கடிதம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கணக்கு என்னுடையது, கடிதம் என்னுடையது, சாவி மட்டும் மழைத் தண்ணீரோடு போய்விட்டது. சேவை நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேட்டேன். எங்களாலும் திறக்க முடியாது என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். அவர்கள் பேரில் தவறே இல்லை. அவர்களால் திறக்க முடியுமென்றால் அது நான் தேடிப்போன சேவையே அல்ல!

நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய அந்த நேரத்தில் 38 வீட்டுக்கும் மறுபடியும் நடந்தோம். சிலருடைய அசல் தாள்களும் நனைந்து கிழிந்திருந்தன. ஒரு பாட்டி கேட்டார்: "இன்னா சார், எங்க பேரெல்லாம் பொட்டிக்குள்ளயே மாட்டிக்கிச்சா?" ஆமாம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை. இரண்டு வாரம் தாமதம் ஆயிற்று. வேலையில்லாத வீட்டில் இரண்டு வாரம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் நிதானமாக யோசித்தேன். முதலில் அந்த மனு எப்படி வெளியே போயிற்று? எந்த நிறுவனமும் படித்துச் சொல்லவில்லை, எந்த ஹேக்கரும் வரவில்லை. நெட் சென்டர் கம்ப்யூட்டரில் என் கணக்கை மூடாமல் எழுந்து வந்தவன் நான்! எனக்கு அடுத்து உட்கார்ந்தவர் யாரோ பார்த்திருக்கிறார். உலகத்திலேயே பெரிய பூட்டைப் போட்டிருந்தாலும், கதவைத் திறந்துவிட்டு வந்தால் அது என்ன செய்யும்? திருடன் யார் என்று பார்க்காமலே பூட்டு வாங்கியிருக்கிறேன். வாங்கிய பூட்டோ, எந்தத் திருடனையும் தடுக்காமல் என்னையே வெளியே நிறுத்திவிட்டது. நான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்ததே இதுதான்.

அப்படியானால் பூட்டே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. அந்தரங்கம் நம் உரிமை. அதிலே நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது பற்றி நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமை வாழ்வுரிமையில் அடங்கியது என்று சொன்னது. 2017 ஆகஸ்டு 24இல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமனதாக அதை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தார்கள். அதே சமயம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காக அரசு உத்தரவிட்டால் பூட்டைத் திறக்க உதவ வேண்டும், மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. உரிமையும் உண்டு, வரம்பும் உண்டு.

இந்த இரண்டும் மோதிக்கொண்டது நம் சென்னையிலேயே நடந்தது. 2024 பிப்ரவரி 8ஆம் தேதி சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பெற்றோர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். சோதித்ததில் எல்லாமே புரளி. அனுப்பியவன் பயன்படுத்தியது புரோட்டான் மெயில். தமிழ்நாடு காவல் துறையின் கோரிக்கையின்பேரில், அந்தச் சேவையையே 69ஏ பிரிவின்கீழ் இந்தியாவில் முடக்க மத்திய அரசு முற்பட்டது. ஒரு சேவையை முடக்குவது முறையான தீர்வு அல்ல, குற்றவாளி வேறொன்றிலிருந்து அனுப்புவான் என்று புரோட்டான் சொன்னது. சுவிஸ் அதிகாரிகள் தலையிட்டதையடுத்து அப்போது முடக்கம் நடைமுறைக்கு வரவில்லை. அடுத்த ஆண்டே, 2025 ஏப்ரல் 29இல், ஒரு நிறுவனத்தின் பெண் ஊழியரைப் பற்றி ஆபாசக் கடிதங்கள் அனுப்பப்பட்ட வழக்கில், அந்தச் சேவையை முடக்க நடவடிக்கை எடுக்கும்படி கர்நாடக உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அந்தச் செய்தியைக் கேட்ட தாயின் வயிற்றில் என்ன நெருப்பு எரிந்திருக்கும்! அவதூறுக்கு ஆளான அந்தப் பெண்ணின் வேதனை சிறியதா? மறுபக்கம், அதே பூட்டை நம்பி மனு எழுதுகிற தொழிலாளியும், செய்தி அனுப்புகிற பத்திரிகையாளரும், கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கிற வக்கீலும் இருக்கிறார்களே! பூட்டுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. சேவையைத் தேர்ந்தெடுக்கிற நமக்கு இதிலே ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. எவ்வளவு பலமான சேவையானாலும், ஒரு காலையில் நம் நாட்டில் அது திறக்காமல் போகலாம். அன்றைக்கு உள்ளே இருப்பது என்ன ஆகும்?

பூட்டின் பலத்தையும் மிகைப்படுத்தி நம்பக் கூடாது. அமெரிக்காவில் லாவாபிட் என்று ஒரு மின்னஞ்சல் சேவை இருந்தது. எட்வர்டு ஸ்னோடென் பயன்படுத்தியது. அரசு அந்தச் சேவையின் சாவியையே கேட்டபோது, அதை நடத்திய லடார் லெவிசன் 2013 ஆகஸ்டு 8ஆம் தேதி சேவையையே மூடிவிட்டார். ரகசியத்தைக் காக்க அவர் எடுத்த முடிவு அது. ஆனால் தவறே செய்யாத லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் தங்கள் முகவரியை இழந்தார்கள். 2021இல் பிரான்ஸ் நாட்டுச் சுற்றுச்சூழல் போராளி ஒருவர் விஷயத்தில், சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுப்படி புரோட்டான் அவருடைய ஐ.பி. முகவரியைப் பதிவு செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. கடிதத்தின் உள்ளடக்கத்தை அவர்களால் கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் அவர்களிடம் சாவி இல்லை. அதாவது, உறைக்குள் இருப்பதுதான் ரகசியம். யார், யாருக்கு, எப்போது என்று உறையின்மேல் எழுதியிருப்பது ரகசியம் அல்ல. கடிதத்தின் தலைப்பு வரிகூடப் பல சேவைகளில் உறைக்கு வெளியேதான் இருக்கிறது. "குத்தகைக்காரர் மீது புகார்" என்று தலைப்பில் எழுதிவிட்டு உள்ளே பூட்டுப் போட்டு என்ன பயன்?

நம் நாட்டுச் சேவையாக எடுத்துக்கொண்டால் போதாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மேடைக்கு மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேருடைய மின்னஞ்சல் மாற்றப்பட்டதாக 2025இல் செய்தி வந்தது. நமக்குப் பெருமையான விஷயம். திடீரென்று வெளிநாட்டுச் சேவை என்று முடக்கப்படும் பயமும் இல்லை. ஆனால் பெட்டி எந்த ஊரில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, சாவி யாரிடம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தம்பி தங்கைகளே, எந்தச் சேவை நல்லது என்று பெயர் சொல்லச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள். பெயர் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. நான்கு கேள்விகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: யாரிடமிருந்து மறைக்கிறோம்? பக்கத்தில் உட்காருகிறவரிடமிருந்து என்றால், கணக்கை மூடிவிட்டு எழுந்திருப்பதும், இரண்டு கட்டச் சரிபார்ப்பு போடுவதும், ஒரே பாஸ்வேர்டைப் பத்து இடத்தில் போடாமலிருப்பதும் போதும். சாதாரண சேவையே இதற்கெல்லாம் இடம் கொடுக்கிறது. நிறுவனமே படிக்கக் கூடாது என்றால்தான் முனைக்கு முனை பூட்டு.

இரண்டு: எதிர்முனையில் இருப்பவர் திறப்பாரா? கடிதம் என்பது இரண்டு பேர் விஷயம். கல்லூரிக்கும் கம்பெனிக்கும் அரசு அலுவலகத்துக்கும் அனுப்புகிற விண்ணப்பத்தைப் பூட்டி அனுப்பினால், அது படிக்கப்படாமலே போகும்.

மூன்று: சாவி தொலைந்தால் என்ன ஆகும்? நிறுவனம் திறந்து கொடுக்கும் என்றால், நிறுவனத்திடம் சாவி இருக்கிறது என்று பொருள். கொடுக்காது என்றால், காப்பாற்ற வேண்டிய பொறுப்பு முழுவதும் உங்களுடையது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் யாராலும் கொடுக்க முடியாது. நான் அந்த இரண்டையும் சேர்த்துத்தான் எதிர்பார்த்தேன்.

நான்கு: அந்தச் சேவை நாளைக்கே நின்றுபோனால் என்ன செய்வோம்? இதற்குப் பதில் இல்லாதவர், எந்தச் சேவையிலும் ஒரே பிரதியை வைக்கக் கூடாது.

இப்போது கூனிமேட்டில் நாங்கள் செய்வதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இரண்டு கணக்கு வைத்திருக்கிறோம். அலுவலகங்களுக்கு எழுதுவதெல்லாம் சாதாரணக் கணக்கில், இரண்டு கட்டச் சரிபார்ப்போடு. பெயர் வெளியே போனால் ஒருவருடைய பிழைப்பு கெடும் என்கிற கடிதங்கள் மட்டும் பூட்டிய சேவையில், அதுவும் அதே சேவை வைத்திருக்கிற ஒரு வக்கீலுக்கு மட்டும். நெட் சென்டரில் எந்தக் கணக்கையும் திறப்பதில்லை. பிரிண்ட் வேண்டுமென்றால் பென் டிரைவில் அந்த ஒரு தாளை மட்டும் கொண்டுபோகிறோம். ஆதார் நகல்கள் மின்னஞ்சலிலேயே கிடையாது, பூட்டுப் போட்ட இரண்டு பென் டிரைவில், இரண்டு வீட்டில் இருக்கின்றன. மீட்புச் சொற்கள் பன்னிரண்டையும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, லேமினேட் செய்து, ஒன்று என் வீட்டில், ஒன்று கடலை விட்டுத் தள்ளி மேட்டில் இருக்கும் ஒரு வீட்டில். அந்த இரண்டாவது வீடு யாருடையது தெரியுமா? மனுவில் பெயர் போட்டதற்காக வேலையை இழந்து, திரும்ப வேலைக்குப் போகாத அந்தப் பெண்மணியினுடையது. "இத நான் வெச்சிக்கறேன் சார். இதோட அரும எனக்குத்தான் தெரியும்" என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பி.காம்.-இல் தணிக்கைப் பாடம் நடத்திய ஆசிரியர், ரொக்கத்தை எண்ணுகிறவர் ஒருவர், கணக்கை எழுதுகிறவர் ஒருவர், சாவி இன்னொருவரிடம் என்று அடிக்கடி சொல்வார். பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தேன். அது புரிவதற்கு இத்தனை வருஷமும் ஒரு புயலும் தேவைப்பட்டிருக்கின்றன. இன்று படிக்கிற நீங்களாவது புயலுக்காகக் காத்திருக்காதீர்கள். விழா முடிந்து விடுதிக்குப் போனதும், உங்கள் மின்னஞ்சலை மீட்கிற வழி என்ன, அது யாருடைய போன் நம்பரில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பாதிப்பேருடையது, எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பராக இருக்கும்.